காலவழுவைத் தேடிய கருவிகள்

சொற்களிலே நேரும் குற்றத்தைத் தமிழ் இலக்கண நூலார் வழு என்று அழைத்தனர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிலும் வழு நேரக்கூடும் என்று நன்னூல் வகுத்துக் கூறுகின்றது. 'நேற்று வருவான்' என்று ஒருவர் சொன்னால் அது காலவழு. அத்தொடரிலுள்ள இரு சொற்களுள் எதுவும் தனித்து நோக்குமிடத்துப் பிழையுடையதன்று. 'நேற்று' என்பதும் நல்ல சொல். 'வருவான்' என்பதும் நல்ல சொல். அவை சேர்ந்த சேர்க்கையிலேதான் குற்றம் பிறக்கின்றது.

இக்காலத்தில் மென்பொருளின் பிழையையும் கணினித் துறையினர் வழு என்றே வழங்குகின்றனர். அச்சொல் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. ஒன்றோடொன்று செய்தி பரிமாறி ஒரே தொழிலைச் செய்யும் பல கணினிகளில் தோன்றும் வழுக்களுள் மிகக் கடினமானவை காலவழுவின் இனத்தைச் சேர்ந்தவையே. ஒவ்வொரு பொறியும் தனித்து நோக்கும்போது தனக்கு இட்ட கட்டளையைச் செம்மையாகச் செய்கின்றது. எனினும், எது முன்னர் நிகழ்ந்தது, எது பின்னர் நிகழ்ந்தது என்பதிலே பொறிகளுக்கிடையில் கருத்து வேறுபடும்போது முழு அமைப்பும் தவறிவிடுகின்றது. இத்தகைய வழுவை மனிதக் கண்ணாற் காண்பது அரிது. ஆகவே, பொறியின் வழுவைப் பொறியைக் கொண்டே தேடும் கருவிகள் எழுந்தன. அவை எழுந்த வரலாறு ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்கால வரலாறு ஆகும்.

கணினிகளின் தொடக்க காலத்திலே வழுவைக் கண்டுபிடிப்பது ஒப்பளவில் எளிதாயிருந்தது. 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து மார்க் 2 என்னும் கணிப்பொறி செவ்வனே இயங்கவில்லை. அதனைத் திறந்து பார்த்தவர்கள், மின்னிணைப்பான் ஒன்றினுள்ளே ஒரு விட்டிற்பூச்சி அகப்பட்டுக் கிடப்பதைக் கண்டனர். அதனை எடுத்து நாட்குறிப்பேட்டிலே ஒட்டி, அருகே வேடிக்கையாக ஒரு குறிப்பும் எழுதி வைத்தனர். பொறியின் குற்றத்தைப் பூச்சி என்று சொல்லும் வழக்கு ஆங்கிலத்தில் அதற்கு முன்னரே இருந்தது. அன்று உண்மையான பூச்சியே அகப்பட்டமைதான் வேடிக்கை. அந்தக் குறிப்பேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கின்றது. அங்கே வழுவுக்கு ஓர் இடம் இருந்தது. விரலால் தொட்டுக் காட்டலாம். எடுத்துவிட்டால் பொறி மீண்டும் இயங்கும்.

ஒரே கணினியில் இயங்கும் செய்நிரலின் வழுவும் பெரும்பாலும் அத்தகையதே. கொடுத்த தரவையே மீண்டும் கொடுத்தால், செய்த பிழையையே அது மீண்டும் செய்யும். மீண்டும் மீண்டும் நிகழும் பிழையை ஒவ்வொரு படியாகப் பின்தொடர்ந்து சென்று பிடித்துவிடலாம். ஆனால், பல கணினிகள் கூடித் தொழில் செய்யத் தொடங்கியதும் இவ்வசதி மறைந்தது.

வங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய கணக்கிலே 1,000 ரூபா இருக்கின்றது. அந்தக் கணக்கின் படி ஒன்று ஒரு கிளைக் கணினியிலும், மற்றொரு படி வேறொரு கிளைக் கணினியிலும் வைக்கப்பட்டுள்ளது. இரு கிளைகளுக்கும் இடையிலுள்ள தொடர்பு ஒரு கணம் அறுந்துபோகின்றது. அக்கணத்திலேயே கணவர் ஒரு கிளையிலும் மனைவி மற்றொரு கிளையிலும் 800 ரூபா கேட்கின்றனர். இரண்டு கணினிகளும் தத்தம் ஏட்டைப் பார்த்துப் பணம் கொடுத்துவிடுகின்றன. தொடர்பு மீண்டபின் கணக்கு ஒவ்வாது நிற்கின்றது. மறுநாள் வல்லுநர் வந்து இரு கணினிகளையும் தனித்தனியே சோதித்தால் இரண்டும் செம்மையாகவே இருக்கும். குற்றம் எந்தப் பொறியிலும் இல்லை. தொடர்பு அறுந்த அந்தக் கணத்திலேதான் இருந்தது. அக்கணமோ திரும்பி வருவதில்லை. இவ்வாறு பல கணினிகளிற் பங்கிடப்பட்டு, செய்திகளாற் பிணைக்கப்பட்டு, பயன்படுத்துவோர்க்கு ஒரே பொறிபோலத் தோன்றும் மென்பொருளைப் பகிர்ந்தியங்கும் மென்பொருள் என்பர்.

இத்தகைய அமைப்பில் 'முன்', 'பின்' என்னும் சொற்களுக்குப் பொருள் யாது என்ற வினாவை 1978ஆம் ஆண்டிலே லெஸ்லி லம்போர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் தெளிவாக எழுப்பினார். இரு கணினிகளின் கடிகாரங்கள் ஒருபோதும் முற்றாக ஒத்திருப்பதில்லை. ஆகவே, கடிகாரம் காட்டும் நேரத்தைக் கொண்டு இரு நிகழ்ச்சிகளின் வரிசையைத் துணிய முடியாது. ஆயினும், ஒரு கடிதத்தை அனுப்பிய செயல் அதனைப் பெற்ற செயலுக்கு முற்பட்டது என்பதில் ஐயமில்லை. ஒரே பொறியில் அடுத்தடுத்து நிகழ்ந்தவற்றின் வரிசையிலும் ஐயமில்லை. இவ்விரண்டையும் கொண்டு கட்டிய வரிசையே நம்பத்தக்கது. அதற்குள் அடங்காத நிகழ்ச்சிகளைப் பற்றி, இது முன், அது பின் என்று கூற எவராலும் இயலாது. சார்புக் கொள்கை என்னும் பௌதிகக் கோட்பாடு காலத்தைப் பற்றிக் கூறுவதற்கு இக்கருத்து நெருங்கியது. இக்கட்டுரை பின்னர் எழுந்த ஆய்வுகள் பலவற்றுக்கு அடிப்படையாயிற்று. 2013ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது லம்போர்ட்டுக்கு வழங்கப்பட்டது.

அக்கட்டுரை வெளிவந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் அதன் உண்மையை உலகம் நேரிற் கண்டது. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பு, 1980ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் நாள் பல மணிநேரம் பயனற்றுக் கிடந்தது. அவ்வலையமைப்பின் ஒவ்வொரு நிலையமும் தன் இணைப்புகளின் நிலைமையை ஏனையவற்றுக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். புதிய அறிவித்தல் எது, பழையது எது என்று அறிவதற்காக ஒவ்வோர் அறிவித்தலுக்கும் 0 முதல் 63 வரையிலான ஓர் இலக்கம் இடப்பட்டது. 63ஐ அடைந்ததும் மீண்டும் 0 இலிருந்து தொடங்கும். கடிகார முகத்திலே 12க்குப் பின் 1 வருவதுபோல இது ஒரு வட்டம். ஆகவே, இரு இலக்கங்களுள் எது புதியது என்பதை வட்டத்தில் அவற்றுக்கிடையிலுள்ள தூரத்தைக் கொண்டு துணிந்தனர்.

அன்று 50ஆம் இலக்க நிலையத்தின் அறிவித்தல் ஒன்று, அயலிலிருந்த பழுதுற்ற பொறியொன்றின் நினைவகத்திலே சிதைந்தது. அதன் பயனாக ஒரே அறிவித்தல் 44, 40, 8 என்னும் மூன்று இலக்கங்களுடன் வலையமைப்பிற் புகுந்தது. விதியின்படி 44 என்பது 40இனும் புதியது. 40 என்பது 8இனும் புதியது. ஆனால், வட்டத்தைச் சுற்றி எண்ணும்போது 8 என்பது 44இனும் புதியதாகிவிட்டது! மூன்றில் ஒவ்வொன்றும் மற்றொன்றைவிடப் புதியது. எனவே, ஒவ்வொரு நிலையமும் வந்த அறிவித்தலைப் புதியதென்று ஏற்று, அயலாருக்கு அனுப்பி, அடுத்ததையும் புதியதென்று ஏற்று, முடிவின்றி அதே வேலையில் மூழ்கியது. ஒரு நிலையத்தை நிறுத்தித் தூய்மையாக்கி மீண்டும் இயக்கினாலும், அயலிலிருந்து அதே அறிவித்தல் வந்து பற்றிக்கொண்டது. இறுதியில், 50ஆம் நிலையத்தின் அறிவித்தலைப் புறக்கணிக்கும்படி நிலையங்களின் செய்நிரலை மாற்றிய பின்னரே நிலைமை சீரடைந்தது. இதனை ஆராய்ந்த எரிக் ரோசன் என்பவர் அடுத்த ஆண்டிலே விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டார்.

இந்நிகழ்ச்சியில் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஒரு பொறியின் நினைவகப் பழுது தொடக்கமாயிருந்ததே தவிர, வலையமைப்பு முழுவதையும் வீழ்த்தியவை பழுதற்ற பொறிகளே. அவை தமக்கு இட்ட விதியை அணுவளவும் பிசகாமற் பின்பற்றின. முன்பின் என்னும் நேர்கோடு வட்டமாக வளைந்துவிட்டமையே கேட்டுக்குக் காரணம். இந்த வட்டத்தின் கதை பின்னரும் வரும்.

இத்தகைய வழு வெளிப்படுமுன்னரே அதனைச் சோதனையாற் கண்டிருக்க முடியாதா என்று நேயர்கள் கேட்கக்கூடும். கணக்கு அதற்கு விடை கூறும். இரு கணினிகள் ஒவ்வொன்றும் பத்துப் படிகள் கொண்ட வேலையைச் செய்கின்றன எனக் கொள்வோம். அவ்விருபது படிகளும் ஒன்றோடொன்று கலந்து நிகழக்கூடிய முறைகள் 184,756. மூன்றாவது கணினி ஒன்றும் சேர்ந்து பத்துப் படிகளைச் செய்தால் அத்தொகை ஐந்து இலட்சம் கோடியைத் தாண்டிவிடுகின்றது. அவற்றுள் ஏதோ ஒரு முறையிலே மட்டும் வழு ஒளிந்திருக்கலாம். மனிதர் அமர்ந்து விசைகளை அழுத்திச் சோதிக்கும்போது, வழக்கமாக நிகழும் சில முறைகளே திரும்பத் திரும்ப நிகழும், அபூர்வமானது நிகழாது. அது நிகழ்வது, ஆயிரக்கணக்கானோர் அமைப்பை நம்பிப் பயன்படுத்தும் நாளிலேதான்.

அதற்கு மேலும் ஒரு தொல்லையுண்டு. வழுவைக் காண்பதற்காகச் செய்நிரலிலே ஒரு கண்காணிப்பு வரியைச் சேர்த்தால், அதனாற் கணினியின் வேகம் சிறிது மாறும். வேகம் மாறினால் நிகழ்ச்சிகளின் வரிசை மாறும். வரிசை மாறினால் வழு மறைந்துவிடும். பார்க்க முற்பட்டதும் ஒளிந்துகொள்ளும் இத்தகைய வழுவை, 1985ஆம் ஆண்டிலே எழுதிய அறிக்கையொன்றில் ஜிம் கிரே என்னும் அறிஞர், ஜேர்மன் பௌதிகவியலாளர் ஹைசன்பேர்க்கின் பெயரோடு இணைத்துக் குறிப்பிட்டார்.

ஆகவே, அறிஞர் இரு வழிகளிலே சென்றனர். அமைப்பின் திட்டத்தை எழுத்திலே வைத்து ஆராய்வது ஒரு வழி. அமைப்பையே இயக்கி, வேண்டுமென்றே இடையூறு செய்து பார்ப்பது மற்றைய வழி.

முதல் வழி 1980களின் தொடக்கத்திலே பிறந்தது. அமெரிக்காவில் எட்மண்ட் கிளார்க், அலன் எமர்சன் ஆகியோரும், பிரான்சில் ஜோசப் சிபாக்கிஸ் என்பவரும், ஒரு திட்டம் அடையக்கூடிய நிலைகள் யாவற்றையும் கணினியே ஒன்றுவிடாமல் நடந்து பார்த்து, தவறான நிலை ஒன்றேனும் உண்டா என்று கூறும் முறையை வகுத்தனர். இம்மூவரும் 2007ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்றனர். பெல் ஆய்வுகூடத்திலே ஜெராட் ஹோல்ஸ்மன் ஆக்கிய ஸ்பின் என்னும் கருவி இம்முறையைப் பலரும் பயன்படுத்தும்படி செய்தது. லம்போர்ட் தாமும் ரி.எல்.ஏ. பிளஸ் என்னும் குறியீட்டு மொழியை இதே நோக்கத்துடன் வகுத்தார்.

இக்கருவிகள் அறிஞரின் தன்னம்பிக்கையைப் பலமுறை சோதித்தன. கோர்ட் என்னும் பெயருடைய ஒரு வலையமைப்புத் திட்டம் 2001ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்டு, பல ஆண்டுகள் உயர்வாகப் போற்றப்பட்டது. பமெலா சேவ் என்னும் அறிஞர் அதனைக் கருவிகளின் துணையோடு ஆராய்ந்து, அத்திட்டம் வெளியிட்ட வடிவில் வாக்களித்தபடி இயங்காது என்பதை 2012ஆம் ஆண்டிலே காட்டினார். அமேசன் நிறுவனத்தின் பொறியியலாளர் 2011ஆம் ஆண்டு முதல் ரி.எல்.ஏ. பிளஸ் மொழியைக் கையாண்டு, தம் அனுபவத்தை 2015ஆம் ஆண்டிலே எழுதினர். அவர்களது தரவுத்தளம் ஒன்றிலிருந்த வழு, 35 படிகள் குறித்த ஒரு வரிசையில் நிகழ்ந்தாலன்றி வெளிப்படாது. திட்டத்தையும் செய்நிரலையும் பலர் படித்துப் பார்த்திருந்தனர், சோதனைகளும் நடந்திருந்தன. அவ்வளவுக்கும் தப்பிய வழுவைக் கருவி கண்டுபிடித்தது. முப்பத்தைந்து படிகளை மனத்திலே நிறுத்தி, அவற்றை எல்லா முறையிலும் மாற்றி மாற்றி எண்ணிப் பார்ப்பது மனித மூளைக்கு இயல்வதன்று.

ஆயினும், முதல் வழிக்கு ஓர் எல்லையுண்டு. வீட்டின் வரைபடம் செம்மையாயிருப்பதனால் மட்டும் கட்டிய சுவர் செம்மையாயிருக்கும் என்று கூற முடியாது. இதற்கு ஏ.ரி. அன்ட் ரி. என்னும் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் அனுபவம் சான்றாகும். 1990ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் அந்நிறுவனத்தின் நெடுந்தூரத் தொலைபேசி வலையமைப்பு ஏறக்குறைய ஒன்பது மணிநேரம் தடுமாறியது. நியூயோர்க்கிலிருந்த ஓர் இணைப்பு நிலையம் சிறு கோளாறு காரணமாகச் சில வினாடிகள் ஓய்ந்து, தன்னைத் தானே சீராக்கிக்கொண்டு மீண்டது. தான் மீண்டதை அறிவிக்கும் செய்திகள் அயல் நிலையங்களைச் சென்றடைந்தன. முதற் செய்தியை ஏற்றுத் தன் ஏட்டைத் திருத்திக்கொண்டிருக்கும் நிலையத்துக்கு, இரண்டாவது செய்தி நொடியின் மிகச் சிறு பங்குக்குள் வந்து சேர்ந்தால், அந்நிலையத்தின் தரவு சிதைந்தது. அதனால் அதுவும் ஓய்ந்து, சீராகி, மீண்டது. அது மீண்ட செய்தி அடுத்த நிலையத்தை வீழ்த்தியது. இவ்வாறு 114 நிலையங்களிலும் அலைபோல இந்நோய் பரவியது. சில வாரங்களுக்கு முன்னர் புதிதாக இட்ட செய்நிரலிலே, 'சி' என்னும் மொழியில் எழுதிய கட்டளை ஒன்று இடம் மாறி நின்றமையே அதற்குக் காரணம்.

ஓர் அமைப்பு விழுந்து எழும் வழியிலேதான் இவ்வழு ஒளிந்திருந்தது. கோளாறு நேர்ந்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்த செய்நிரலே பெருங்கோளாற்றை விளைத்தது. இது தனியொரு நிகழ்ச்சியன்று. கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர் 2014ஆம் ஆண்டிலே, பலராலும் பயன்படுத்தப்படும் ஐந்து பகிர்ந்தியங்கும் மென்பொருள்களில் நேர்ந்த 198 தோல்விகளை ஆராய்ந்தனர். அமைப்பையே வீழ்த்திய பெருந்தோல்விகளில் 92 வீதமானவை, ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட சிறு பிழை ஒன்றைச் செய்நிரல் தவறாகக் கையாண்டதனால் விளைந்தவை. அவர்கள் கண்ட மற்றொரு முடிவு ஆறுதல் தருவது. ஆராய்ந்த தோல்விகளில் 98 வீதமானவற்றை மூன்று கணினிகள் அல்லது அதற்குங் குறைவானவற்றைக் கொண்டே மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடிந்தது. ஆயிரம் கணினிகளில் நேர்ந்த கேட்டை ஆராய்வதற்கு ஆயிரம் கணினிகள் வேண்டியதில்லை. மூன்று போதும், உரிய இடையூற்றை உரிய தருணத்திலே செய்யத் தெரிந்தால்.

இடையூற்றைக் கருவியே செய்யட்டும் என்பது இரண்டாவது வழி. இவ்வழியைப் பலரும் அறியச் செய்தது நெற்பிளிக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம். 2008ஆம் ஆண்டிலே அதன் தரவுத்தளம் பழுதுற்றது. மூன்று நாட்கள் வாடிக்கையாளருக்குத் திரைப்பட வட்டுகளை அனுப்ப முடியாமற் போயிற்று. அதன்பின் அந்நிறுவனம் தன் வேலைகளை வாடகைக்குப் பெற்ற பல கணினிகளிற் பங்கிட்டது. அவற்றுள் எதுவும் எந்நேரமும் நின்றுவிடலாம். ஆகவே, அங்குள்ள பொறியியலாளர் 'குழப்பக் குரங்கு' எனப் பொருள்படும் பெயருடைய ஒரு செய்நிரலை ஆக்கினர். இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகளுள் ஏதேனும் ஒன்றை எழுந்தமானமாகத் தெரிந்து நிறுத்திவிடுவதே அதன் தொழில். பொறியியலாளர் அலுவலகத்தில் விழித்திருக்கும் வேலை நேரத்திலேயே அக்குரங்கு குழப்பம் செய்யும்படி வைக்கப்பட்டது. நள்ளிரவில் எதிர்பாராது வரும் கேட்டினும், நண்பகலில் எதிர்பார்த்து வரும் கேடு நன்று என்பது அவர்கள் கொள்கை. அச்செய்நிரல் 2012ஆம் ஆண்டிலே எவரும் பெற்றுப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டது.

குரங்கு விளக்கை அணைக்கும். வீடு இருளில் எவ்வாறு நடந்துகொண்டது என்பதை அது நுணுகி ஆராய்வதில்லை. அந்த ஆராய்ச்சியை மேற்கொண்டது ஜெப்சன் என்னும் கருவி. கைல் கிங்ஸ்பரி என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 2013ஆம் ஆண்டு முதல் அதனைக் கொண்டு தரவுத்தளங்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வருகின்றார். சோதிக்க வேண்டிய தரவுத்தளம் பொதுவாக ஐந்து கணினிகளில் நிறுவப்படும். கற்பனை வாடிக்கையாளர் பலர் ஒரே வேளையில் அதிலே எழுதுவர்; படிப்பர். அவ்வேளையில் கருவியின் மற்றொரு பகுதி கணினிகளுக்கிடையிலுள்ள தொடர்பை அறுக்கும்; கடிகாரத்தை முன்னும் பின்னும் திருப்பும்; இயங்கும் செய்நிரலை உறங்கவைத்து எழுப்பும். யார் எதைக் கேட்டார், என்ன விடை பெற்றார் என்பவை யாவும் ஒரு வரலாறாகப் பதியப்படும். சோதனை முடிந்தபின் கருவி ஒரேயொரு வினாவை எழுப்பும்: இவ்விடைகள் யாவும் உண்மையாக இருக்கத்தக்க ஒரு வரிசை உண்டா? உண்டெனில் அமைப்பு தேறியது. எவ்வாறு அடுக்கினும் ஒவ்வாதெனில், வழு இருப்பது உறுதியாயிற்று.

இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. நிகழ்ச்சிகள் பெருகப் பெருக, ஆராய வேண்டிய வரிசைகள் கணினிக்கும் எட்டாத அளவு பெருகிவிடும். 2020ஆம் ஆண்டிலே கிங்ஸ்பரியும் பீட்டர் அல்வாரோ என்னும் பேராசிரியரும் இதற்கு ஒரு சிறந்த வழியைக் காட்டினர். எல்லா வரிசைகளையும் அடுக்கிப் பார்ப்பதற்குப் பதிலாக, இது அதற்கு முற்பட்டது என்று பதிவிலிருந்து உறுதியாகத் தெரியும் இணைப்புகளை மட்டும் அவர்களது கருவி திரட்டுகின்றது. பின்னர், அவ்விணைப்புகளைத் தொடர்ந்து சென்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர முடிகின்றதா என்று பார்க்கின்றது. ஒன்று மற்றொன்றுக்கு முந்தியது, அது மூன்றாவதற்கு முந்தியது, மூன்றாவதோ முதலாவதற்கே முந்தியது என்று ஒரு வட்டம் அகப்பட்டால், அங்கே குற்றம் இருக்கின்றது. 1980ஆம் ஆண்டிலே 44, 40, 8 என்னும் இலக்கங்கள் கட்டிய வட்டத்தை நேயர்கள் இங்கே நினைவுகூரலாம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் வலையமைப்பு ஒன்றைச் செயலிழக்கச் செய்த அதே வடிவம், இன்று வழுவைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகப் பயன்படுகின்றது.

எனினும், வழு இருப்பதை அறிவது வேறு. அதனைப் பிடித்துத் திருத்துவது வேறு. அபூர்வமான ஒரு கணத்திலே தோன்றிய வழுவை மீண்டும் தோன்றச் செய்தாலன்றிக் காரணத்தை அறிய முடியாது. இந்த இடர்ப்பாட்டுக்கு, பவுண்டேஷன் டீ.பீ. என்னும் தரவுத்தளத்தை 2009ஆம் ஆண்டிலே தொடங்கியவர்கள் துணிவான ஒரு வழியைக் கைக்கொண்டனர். தரவுத்தளத்தை உண்மையான கணினிகளில் ஓட்டுமுன்னர், அது வாழ்வதற்கு ஒரு பொய்யுலகத்தை ஆக்கினர். அவ்வுலகிலே பல கணினிகள் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையிலே யாவும் ஒரே கணினியினுள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும். வலையமைப்பும், சேமிப்பு வட்டும், கடிகாரமும் பாவனைப் பொருள்களே. எந்தச் செய்தி தாமதிக்கும், எந்தப் பொறி விழும், எந்த வட்டு பழுதுறும் என்பவற்றை ஓர் எண் தீர்மானிக்கும். அதனை விதை என்பர். வேறு விதை இட்டால் வேறு இடையூறுகள் விளையும். அதே விதையை இட்டால் அதே இடையூறுகள் அதே வரிசையில் அணுவும் பிசகாமல் விளையும். இரவு முழுவதும் ஆயிரமாயிரம் விதைகளை இட்டுச் சோதித்து, எந்த விதையிலே வழு விளைந்ததோ அதனைக் குறித்து வைத்தாற் போதும். காலையிலே வரும் பொறியியலாளர் அவ்விதையை இட்டு, அதே வழுவை வேண்டிய தடவை காணலாம். கண்காணிப்பு வரிகளைச் சேர்த்தாலும் வழு ஒளிந்துகொள்வதில்லை; ஏனெனில், அவ்வுலகிலே காலம் ஓடுவது சோதிப்பவரின் கட்டளைப்படியே. இந்தத் தரவுத்தளத்தை 2015ஆம் ஆண்டிலே அப்பிள் நிறுவனம் வாங்கி, 2018ஆம் ஆண்டிலே அதன் மூலநிரலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

விட்டிற்பூச்சியை நாட்குறிப்பேட்டிலே ஒட்டிய காலத்து வசதி இவ்வாறு ஒருவகையில் மீண்டும் கிட்டியது. இடமற்ற வழுவுக்கு ஓர் இடம் அமைந்தது. ஏட்டிலே பூச்சிக்குப் பதிலாக ஓர் எண் எழுதப்படுகின்றது என்பதே வேறுபாடு.

இக்கருவிகள் யாவும் சேர்ந்து வழுவை உலகினின்றும் ஒழித்துவிடுமா என்றால், இல்லை என்பதே விடை. சோதனை வழு உண்டென்று காட்டுமேயன்றி, வழு இல்லையென்று காட்டமாட்டாது என்று ஒல்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1969ஆம் ஆண்டளவிலே எச்சரித்தார். அந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும். மேலும், கருவி எவ்வளவு விரைவாகத் தேடினாலும் எது சரி, எது பிழை என்பதைத் தானாக அறியாது. 'கணக்கிலுள்ள பணத்துக்கு மேல் எவருக்கும் கொடுக்கலாகாது' என்று மனிதர் சொன்ன பின்னரே, அவ்விதி மீறப்பட்ட கணத்தை அது கண்டுபிடிக்கும். விதியைச் சொல்ல மறந்தால், மீறலும் குற்றமாகத் தோன்றாது.

இவ்விடத்திலே தமிழ் இலக்கணத்தின் மற்றொரு பாகுபாடும் துணைபுரியும். வழாநிலை, வழு என்னும் இரண்டோடு வழுவமைதி என மூன்றாவது ஒன்றையும் இலக்கண நூலார் வகுத்தனர். குற்றமேயாயினும், தக்க காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்பட்டது அது. பகிர்ந்தியங்கும் மென்பொருளிலும் வழுவமைதி உண்டு. அமேசன் நிறுவனம் 2007ஆம் ஆண்டிலே விவரித்த டைனமோ என்னும் அமைப்பிலே, வாடிக்கையாளர் தமது கொள்வனவுப் பட்டியலிற் சேர்த்த பொருள் காணாமற்போகாது; ஆனால், நீக்கிய பொருள் சிலவேளை மீண்டும் தோன்றக்கூடும். கடை எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பதற்காக அச்சிறு குறையை அறிந்தே ஏற்றனர்; ஏற்றதை எழுத்திலும் கூறினர். பட்டியலிலே பொருள் மீண்டும் தோன்றினால் வாடிக்கையாளர் அதனை மீண்டும் நீக்கிவிடலாம். வங்கிக் கணக்கிலோ நோயாளியின் மருந்துக் குறிப்பிலோ அதே குறை நேர்ந்தால் அது பொறுக்கத்தக்கதன்று.

அறிந்து, ஆராய்ந்து, வெளிப்படக் கூறி ஏற்ற குறை வழுவமைதியாகும். அறியாமலோ மறைத்தோ விட்ட குறை வழுவாகவே நிற்கும். தன் பணத்தையும் தன் உடல்நலக் குறிப்பையும் தான் என்றும் காணாத பல பொறிகளிடம் ஒப்படைத்திருக்கும் சாதாரண மனிதன், அப்பொறிகளினுட் புகுந்து பார்க்கப்போவதில்லை. அவனுக்கு அளித்த வாக்கு யாது என்பதை எழுதி வைப்பதும், அவ்வாக்கு காக்கப்படுகின்றதா என்பதைக் கருவிகொண்டு இடைவிடாது சோதிப்பதும், அவற்றை ஆக்குவோரின் கடமையாகும்.